கரையில் இறங்கினால் காசு கரையும்

சிங்கப்பூர்க் கப்பல் உலாவுக்குக் காரைக்குடியில் பணம் கட்டி முடித்ததும் நிம்மதியா? ஆகா! அது வெறும் அச்சாரம். அசல் வசூல் கரையில்தான்.

மலேசியாவின் பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிற்பதே அதன் பழைய நகரமான ஜார்ஜ் டவுன் வாசலில். இறங்கினால் கார்ன்வாலிஸ் கோட்டை. கொஞ்சம் நடந்தால் பினாங்கு ஸ்ட்ரீட், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போன நம் செட்டிநாட்டு ஐயாக்கள் கிட்டங்கி (தங்கித் தொழில் நடத்தும் இடம்) வைத்திருந்த தெரு. சுற்றிவர 'கேட்' என்ற இலவச பஸ்ஸே ஓடுகிறது. இதைக் கப்பலில் எவனாவது வாயைத் திறந்து சொல்வானா? அவர்கள் காசுக்கு விற்கும் டூரில், நடந்து பார்க்கிற தெருவுக்கு ஏசி பஸ், கொடி பிடித்த வழிகாட்டி, நடுவில் முக்கால் மணி நேரம் சாக்லேட் கடை. சாக்லேட் வாங்கவா கடல் தாண்டினோம்? தண்ணீர்மலை முருகன் கோயிலைக் கேட்டால் மட்டும் நேரமில்லையாம்!

போர்ட் கிளாங் துறைமுகம் சுத்த மோசடி. அட்டவணையில் கோலாலம்பூர் என்று போடுவார்கள். ஊருக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல். மதுரை என்று சொல்லிச் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் இறக்கிவிடுகிற மாதிரி. நடக்கலாமென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கன்டெய்னர்.

புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போடும். சிறு படகுக்கு வரிசை, திரும்பவும் வரிசை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், 5 மணிக்கு ஏறச் சொன்னது அங்கே 4 மணி. செல்போன் தானாக மாறிக்கொண்டு '4' காட்டும், நீங்கள் இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள். கப்பல்காரர்கள் டூரில் போனவருக்குக் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றியவருக்கு? டாட்டாதான்!