கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதியவர்

நிறைய எழுதுகிறவர் என்றாலே நம்மிடம் ஓர் இளக்காரம் உண்டு. "மாதத்துக்கு ஒன்று எழுதித் தள்ளுவார்" என்று சொல்லும்போதே, அதில் சரக்கு இருக்காது என்ற தீர்ப்பும் சேர்ந்து வந்துவிடும். பத்து வருடத்துக்கு ஒரு நாவல் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை, தினமும் உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கிடைப்பதில்லை. இந்த எண்ணத்தோடு எனக்கு வெகுநாளாகச் சண்டை. அந்தச் சண்டையில் நான் சாட்சிக்கு அழைப்பது ஆண்டனி டிராலப்பை.

1815இல் லண்டனில் பிறந்து 1882இல் மறைந்த ஆங்கில நாவலாசிரியர். 47 நாவல்கள் எழுதினார். சிறுகதைகள், பயண நூல்கள் எல்லாம் தனி. நாவல்களில் ஏறக்குறைய பாதியை அவர் எழுதியது பிரிட்டிஷ் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே. வருடம் 90 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், அப்புறம் அயர்லாந்துக்குப் போய், கிராமத் தபால்காரர்கள் நடக்க வேண்டிய தடங்களைக் குதிரையில் சுற்றி வகுத்துக் கொடுத்தார். தெருவோரத் தபால் பெட்டி என்ற ஏற்பாடு 1852இல் ஜெர்சி தீவுக்கு வந்ததே அவர் சொன்ன யோசனையால்தான். 1867இல்தான் வேலையை விட்டார்.

எழுதிய விதத்தை அவரே சுயசரிதையில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு மேஜையில் இருக்க வேண்டும். எழுப்பிக் காப்பி கொண்டுவந்து தருவதற்காகவே வீட்டுக் குதிரைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்தப் பெரியவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்று எழுதுகிறார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். கண்ணால் ஓட்டுவதல்ல, வாக்கியம் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டுப் பார்ப்பது. அதற்குப் பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல். காலை உணவுக்கு உடுத்திக்கொள்ளும் முன் அன்றைய எழுத்து முடிந்துவிடும். மிச்ச நாள் தபால் துறைக்கு.

வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று ஒரு கணக்கும் வைத்திருந்தார். சராசரி 40 பக்கம், பக்கத்துக்கு 250 சொல். சில வாரம் 20, ஒரு வாரம் 112. சோம்பியிருந்த வாரம் அந்த நோட்டில் கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கும் என்கிறார். அலுவலக வேலையாக ரயிலில் போகும்போது மடியில் ஒரு பலகையை வைத்துப் பென்சிலால் எழுதுவார்; மனைவி அதைப் பிரதி எடுத்துக் கொடுப்பார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலின் பெரும்பகுதி அப்படி உருவானதுதான். கப்பலில் போனபோது குமட்டல் வந்தால் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடியதையும் மறைக்கவில்லை. நாவல் எழுத உள்ளுந்துதல் வேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு அவர் சொன்னது: அதைவிட, செருப்புத் தைக்கிறவர்கள் நூலில் தடவும் மெழுகு கொஞ்சம் நாற்காலியில் இருந்தால் நல்லது, ஒட்டிக்கொண்டு உட்காரலாம்.

இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன். ஃபிரான்சஸ் டிராலப் ஐம்பது வயதைத் தாண்டித்தான் முதல் புத்தகத்தை வெளியிட்டார். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுத்து. 1834இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் கணவரும் ஒரு மகனும் சாகக் கிடந்தபோது, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்துகொண்டே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அம்மாவின் அறைகளில் மருந்துப் புட்டிக்கும் மைப்புட்டிக்கும் சம இடம் இருந்தது என்று மகன் எழுதுகிறார். அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு எழுத்து கையால் செய்கிற வேலையாகத் தெரிந்ததில் வியப்பென்ன?

ஆண்டனி டிராலப் இறந்த பிறகு, 1883இல் அவருடைய சுயசரிதை வெளிவந்தது. கடிகாரக் கணக்கும், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பணம் வந்தது என்ற பட்டியலும் அச்சில் வந்ததும் பலர் முகம் சுளித்தார்கள். கலைஞன் இப்படியா இருப்பான் என்ற பேச்சு அவர் பெயரை வெகுகாலம் பின்னுக்கு இழுத்தது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அந்த அரை மணி நேர மறுவாசிப்பு யாருக்காக? வாக்கியம் வாசிக்கிறவரின் காதில் இடறக் கூடாது என்பதற்காக.

வாசகரிடம் அவர் காட்டிய மரியாதைக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் இடம் 'பார்செஸ்டர் டவர்ஸ்' பதினைந்தாம் அத்தியாயம். எலினார் போல்டு இளம் விதவை, கையில் சொத்து இருக்கிறது. பிஷப்பின் வழுக்குப் பேச்சுக்கார உதவிப் பாதிரியார் ஸ்லோப் ஒரு பக்கம் வலை வீசுகிறார். கடனில் முழுகிய பெர்ட்டி ஸ்டான்ஹோப் இன்னொரு பக்கம். வேறு யாராக இருந்தாலும் இதை வைத்தே நம்மைக் கடைசிவரை இழுத்திருப்பார்கள். டிராலப் நடுவில் நிறுத்தி, வாசகரே கவலைப்படாதீர்கள், எலினார் இந்த இருவரில் யாரையும் மணக்கப் போவதில்லை என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார். எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒருவரையொருவர் நம்பிச் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வேண்டுமானால் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள், கதையில் சுவை இருந்தால் அது குறையாது என்கிறார்.

கதவு தட்டப்படும் இடத்தில் 'தொடரும்' போடுகிற வாரப் பத்திரிகைத் தொடர்களில் வளர்ந்த எனக்கு அந்தப் பக்கம் இன்றும் பிரமிப்புதான். முடிவை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களை மனிதர்களை வைத்தே படிக்கவைக்கிறார். என்ன ஒரு துணிச்சல்! கதைதானே என்று வாசகரிடம் ஒப்புக்கொள்ளும் அவருடைய இந்தப் பழக்கத்தை ஹென்றி ஜேம்ஸ் 1884இல் நாவல் கலைக்குச் செய்யும் துரோகம் என்று கண்டித்தார். ஜேம்ஸ் பெரிய எழுத்தாளர், மறுக்கவில்லை. ஆனால் இதில் நான் டிராலப் பக்கம். வாசகரை விவரமுள்ள ஆளாக நடத்துவது எப்படித் துரோகமாகும்?

ஒரே இடத்தில்தான் எனக்கு அவரோடு மனத்தாங்கல். லண்டனின் அதீனியம் கிளப்பில் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு பாதிரியார்கள் அவருடைய தொடர்கதைகளை வைத்துக்கொண்டு, பழைய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கியமாக, பிஷப்பை ஆட்டிவைக்கும் மனைவி திருமதி பிரௌடியைப் பற்றி. டிராலப் எழுந்துபோய், அந்த ஆசிரியன் நான்தான், வீட்டுக்குப் போய் இந்த வாரத்துக்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார். சொன்னபடியே செய்தார். அவள் இல்லாமல் வருந்தியதையும் பிற்பாடு எழுதினார். இரண்டு பேர் அலுத்துக்கொண்டதற்காக அத்தனை உயிருள்ள பாத்திரத்தைப் பலி கொடுத்திருக்க வேண்டாம். வாசகரை மதிப்பது வேறு, வாசகர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது வேறு.

தொடர்கதை விஷயத்தில் அவருக்கு ஒரு விதி இருந்தது: முழுக்க எழுதி முடிக்காமல் முதல் பகுதியை அச்சுக்குத் தரக் கூடாது. 1860இல் தாக்கரே ஆசிரியராக இருந்த 'கார்ன்ஹில்' இதழுக்காக, நேரம் போதாமல் அதை மீறி 'ஃப்ராம்லி பார்சனேஜ்' எழுதினார். அதை ஒரு குறையாகவே குறிப்பிடுகிறார். அவர் பயம் நியாயமானதுதான். தாக்கரே, திருமதி கேஸ்கல், டிக்கன்ஸ் மூவருமே ஒரு நாவலைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோனவர்கள்.

கடைசியில் அவருக்கும் அதுவே நடந்தது. 'தி லேண்ட்லீகர்ஸ்' நாவலுக்கு 60 அத்தியாயம் திட்டமிட்டிருந்தார். 49ஆவது நடந்துகொண்டிருக்கும்போது நோயில் விழுந்து, 1882 டிசம்பரில் இறந்துபோனார். மகன் ஹென்றி, யாரையும் வைத்து எழுதி முடிக்காமல் அந்தத் துண்டு அத்தியாயத்தை அப்படியே அச்சிட்டார். தொடக்கத்திலேயே இது முடியாத கதை என்று சொல்லிவிட்டு, பாத்திரங்களில் சிலருக்கு அப்பா என்ன நினைத்து வைத்திருந்தார் என்பதை மட்டும் புத்தகத்தின் கடைசியில் குறிப்பாகச் சேர்த்தார். அதற்கு மேல் தனக்கு எதுவும் தெரியாது என்பதையும் வாசகரிடம் சொல்லிவிட்டார்.