தோற்றவரின் பத்தாண்டுகள்

சி. சுப்பிரமணியம் என்றதும் பெரும்பாலோருக்குக் கோதுமையும் பசுமைப் புரட்சியுமே நினைவுக்கு வருகின்றன. மத்திய அரசில் உணவுக்கும் வேளாண்மைக்கும் பொறுப்பு வகித்தபோது 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்ததும், டெல்லியில் தமக்கு ஒதுக்கப்பட்ட பங்களாவின் புல்வெளியிலேயே அதைப் பயிரிட்டுக் காட்டியதும் பலமுறை சொல்லப்பட்டவை. ஆயினும், 1952 முதல் 1962 வரை சென்னை மாநில அமைச்சராக அவர் இருந்த காலத்தைக் கொண்டுதான் அவரை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் நாம் வாட்ஸ்அப்பில் சளைக்காமல் பகிர்ந்துகொள்ளும் காமராஜர் கதைகளில் இவருடைய பெயர் அரிதாகவே தென்படுகிறது.

1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்னது. 'குலக்கல்வி' என்று தமிழகம் கொதித்தெழுந்தது. அதைச் சட்டமன்றத்தில் தாங்கிப் பேசியவர்களில் சுப்பிரமணியமும் ஒருவர். ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தபோது, 1954 மார்ச்சில் நடந்த காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவருடைய ஆதரவோடு காமராஜரை எதிர்த்து நின்று, 93-க்கு 41 என்ற வாக்குக் கணக்கில் தோற்றார்.

வென்றவர் தோற்றவரை ஒதுக்கிவைக்கவில்லை. எட்டுப் பேர் மட்டுமே கொண்ட அமைச்சரவையில் அவருக்கு இடம் கொடுத்து, நிதியோடு கல்வியையும் ஒப்படைத்தார். இதில் காமராஜரின் பெருந்தன்மையைப் பாராட்டுவோர் அதிகம். ஏற்றுக்கொண்டவரின் மனநிலையை யோசிப்போர் குறைவு. நேற்றுவரை தாங்கிப் பேசிய திட்டத்தைக் கைவிடுவதாக அந்த ஆண்டு மே மாதத்தில் அறிவிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. சந்தர்ப்பவாதம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதவிதான் குறி என்றால், உள்ளே இருந்தபடியே முணுமுணுத்து, கோஷ்டி சேர்த்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம் (அந்தக் கலையில் நம்மவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை). அவரோ அடுத்த எட்டாண்டுகள் வேலை பார்த்தார். பள்ளி கேட்பவரும் பணம் ஒதுக்குபவரும் ஒரே ஆளாக இருந்ததால் கல்வித்துறைக் கோப்புகள் நிதித்துறை வாசலில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கவில்லை என்பதே என் ஊகம். மதிய உணவும் ஊர்தோறும் பள்ளி திறந்ததும் காமராஜரின் முடிவுகள் என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கு நிதிநிலை அறிக்கையில் இடம் தேடியவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் அந்த அமைச்சரவையின் காலத்தில்தான் நிறைவேறியது. தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருப்பதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் சிங்கப்பூர்த் தமிழர்கள், தமிழகத்திலேயே அதற்குச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்கலாம். அந்த அக்கறை அவரைவிட்டுப் போகவில்லை. 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிர்கள் பலியாகிக்கொண்டிருந்தபோது, அவரும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவிகளைத் துறப்பதாக எழுதிக் கொடுத்தனர். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு தந்த வாக்குறுதி காக்கப்படும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்த பிறகு பணிக்குத் திரும்பினர்.

இவ்வளவு மதிக்கும் எனக்கு ஓரிடத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அவர் இந்திரா காந்தியின் நிதியமைச்சர். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அவர் பதவியில் நீடித்தார். நாட்டின் பொருளாதாரத்தைக் கவனிக்க ஒருவர் வேண்டும் அல்லவா என்று அவருக்காகப் பரிந்து பேசுவோர் கேட்கிறார்கள். 1965-ல் நாட்டில் உணவுப் பஞ்சம் நெருங்கிக்கொண்டிருந்தது, உணவுத் துறை அவர் கையில்தான் இருந்தது. அப்போது விலகல் கடிதம் எழுத அது தடையாக இருக்கவில்லை.