நிமிடம் விற்கிறீர்களா, கடன் கொடுக்கிறீர்களா?

இணைய அழைப்பு நிமிடங்களை மொத்தமாக வாங்கி விற்கும் தொழிலைக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை நடத்திய நேரலையைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். பார்க்காதவர்களுக்கு இதற்குள் யாராவது அந்த நாற்பது வினாடித் துண்டை அனுப்பி வைத்திருப்பார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பயிற்சியாளர் அதை உரக்க வாசித்து, "தோற்றுப்போனவர்கள் இப்படித்தான் வாசலில் நின்று பயமுறுத்துவார்கள்" என்று சொல்லிவிட்டு, திரையில் காட்டிக்கொண்டிருந்த பாடப் படங்களில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கீழே சிரிப்புக் குறிகள் வரிசையாக ஏறின. அவற்றில் இரண்டு, இந்தத் தொழிலில் தங்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று முன்பு என்னிடம் கேட்டவர்களுடையவை. பரவாயில்லை.

கேள்வியை இங்கேயே வைத்துவிடுகிறேன். அங்கே அதை அழித்துவிட்டார்கள். இணைய அழைப்பு நிமிடங்களை ஒருவரிடம் மொத்தமாக வாங்கி இன்னொருவருக்கு விற்கிறோம். மேலே இருப்பவருக்கு, அதாவது நமக்கு விற்பவருக்கு, முன்பணம் கட்டுகிறோம்; கீழே இருப்பவருக்கு, அதாவது நம்மிடம் வாங்குபவருக்கு, பிறகு கட்டும்படி தவணை கொடுக்கிறோம். கீழே இருப்பவர் பணம் தராமல் போனால் அந்த இழப்பு யாருடையது? இவ்வளவுதான் கேட்டேன். இதில் பயமுறுத்தல் எந்த வரியில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

நான் பல முறை எழுதியதை மறுபடியும் எழுதுகிறேன்: மொத்த நிமிட வியாபாரம் என்பது தொலைத்தொடர்பு உடை அணிந்துகொண்ட கடன் தொழில். அதில் நீங்கள் விற்பதாக நினைக்கும் நிமிடம் உங்களுடையதே கிடையாது. கம்பி உங்களுடையதில்லை, கோபுரம் உங்களுடையதில்லை, எதிர்முனையில் அழைப்பை இறக்கிக் கொடுக்கும் ரூட்டும் உங்களுடையதில்லை. உங்களுடையது என்று இருப்பது மேலே கட்டிய முன்பணமும் கீழே கொடுத்த தவணையும் மட்டுமே. இந்த இரண்டுக்கும் இடையிலான நாள்களை யார் பணத்தில் தாண்டுகிறீர்கள் என்பதுதான் தொழில்.

"நாற்பத்தைந்து நிமிடத்தில் சர்வரை நிறுவிவிடலாம்" என்று பயிற்சியாளர் செய்து காட்டினார். உண்மைதான், நிறுவிவிடலாம். சாதாரணக் கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள் 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அழைப்புகளை இணைக்கும் எஸ்.ஐ.பி. நெறிமுறையும் அதே ஆண்டில் வெளிவந்ததுதான். கணக்கும் எளிது. குரலை எண்களாக மாற்றும் முறைகளில் ஒன்றான ஜி.711இல் ஒரு குரல் ஒரு திசையில் போவதற்கு வினாடிக்கு 64 கிலோபிட், ஒவ்வொரு தரவுப் பாக்கெட்டின் முன்னும் ஒட்டும் முகவரித் தலைப்பையும் சேர்த்தால் 80; குரலை நன்றாகச் சுருக்கும் ஜி.729 முறையில் 8 கிலோபிட், தலைப்போடு 24. ஜி.729இல் தலைப்பு குரலைவிடப் பெரியதாக இருக்கும் இந்த வேடிக்கையைக் கற்றுக்கொண்ட நாளில் நானும் துள்ளிக் குதித்திருக்கிறேன். ஆனால் நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒருவரால் கற்றுக்கொள்ள முடிந்தது, அன்று நேரலையில் இருந்த எல்லோராலும் கற்றுக்கொள்ள முடிந்ததுதானே? எல்லோரிடமும் ஒரே சரக்கு, ஒரே ரேட் ஷீட், அதாவது நாடுவாரியான நிமிட விலைப்பட்டியல். அப்போது வாங்குபவர் உங்களிடம் ஏன் வர வேண்டும்? அதிக நாள் தவணை கொடுப்பவரிடம்தான் வருவார். மறுபடியும் கடனுக்கே வந்துவிட்டோம், கவனித்தீர்களா?

ஒரு காலத்தில் இதில் உண்மையாகவே லாபம் இருந்தது. 1995இல் வோக்கல்டெக் நிறுவனம் கணினி வழியாகப் பேசும் மென்பொருளை வெளியிட்டபோது, பன்னாட்டு அழைப்புக் கட்டணங்கள் அழைப்புக்கு ஆகும் செலவோடு தொடர்பே இல்லாத உயரத்தில் இருந்தன. அந்த உயரத்துக்கு அடிப்படை, ஒருவர் அழைப்பை இன்னொருவர் இறக்கிக் கொடுப்பதற்காக நாடுகளின் தொலைபேசி நிர்வாகங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கணக்குத் தீர்வு விகிதங்கள். அந்த உயரத்துக்கும் உண்மைச் செலவுக்கும் இடையே இருந்த பள்ளத்தில்தான் இணைய அழைப்பு வியாபாரம் முழுவதும் முளைத்தது. அந்தப் பள்ளம் மூடிக்கொண்டே வந்தது. 1997இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்த விகிதங்களுக்கு உச்சவரம்பு விதித்தது, 2003இல் ஸ்கைப் வந்தது, 2015இல் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி வந்தது. தொலைவிலிருக்கும் மகனோடு பேசத் தாய் இன்று யாரிடமும் நிமிடம் வாங்குவதில்லை.

வெற்றிக்கு எடுத்துக்காட்டாகப் பயிற்சியாளர் ஸ்கைப்பின் படத்தைத்தான் காட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய அந்தச் சேவை 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. படத்தை மாற்றுவதற்குக்கூட நேரமில்லாத அளவுக்குத் தொழில் செழிக்கிறது போலும்.

என் கதையை அவர் பாதி சொல்லிவிட்டார். மீதியை நானே சொல்லிவிடுகிறேன். ஆம், நான் தோற்றேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார். முதல் மாதம் சிறிய அளவில் நிமிடம் வாங்கினார், பணத்தை நாள் தவறாமல் அனுப்பினார். இரண்டாம் மாதம் அளவு கூடியது, பணம் ஒரு நாள் முன்னதாகவே வந்தது. மூன்றாம் மாதம் அவர் தவணையை நீட்டிக் கேட்டபோது நான் யோசிக்கவேயில்லை. அவ்வளவு நல்ல மனிதர் என்று கூட்டாளியிடம் வாதாடியவன் நான்தான். நான்காம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவருடைய அழைப்புகள் திடீரெனப் பல மடங்கு ஏறின. திரையில் அந்தக் கோடு மேலே போவதைப் பார்த்து நாங்கள் மகிழ்ந்தோம். சனி, ஞாயிறு முழுவதும் ஓடியது. மேலே இருந்த சப்ளையருக்குக் கட்டிவைத்த முன்பணம் தீரத் தீர, அவர் மிரட்ட மிரட்ட, கைமாற்று வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்தோம். திங்கட்கிழமை வாடிக்கையாளரின் எண் அடித்தது, எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அடிக்கவும் இல்லை.

மூன்று மாதம் அவர் ஒழுங்காகக் கட்டிய பணம், நான்காம் மாதத்துக்கு அவர் போட்ட முதலீடு. தொழில் தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. எனக்கு அப்போது தெரியாது. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆம், நானும் ஒரு வகுப்புக்குப் போனவன்தான்.

லாபக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விற்கும் விலையில் மூன்று சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 நிமிடத்துக்கான பணம் வராமல் போனால், அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 3,000 நிமிடத்துக்கும் மேல் விற்று, அவ்வளவுக்கும் பணத்தையும் வாங்கியாக வேண்டும். வராத கடன் ஒன்று, வந்த கடன் முப்பதைத் தின்றுவிடுகிறது. இந்தக் கணக்குக்கு அவருடைய எந்தப் படத்திலும் இடமில்லை. "தூங்கும்போதும் வருமானம்" என்ற வாசகத்துக்கு மட்டும் தனியாக ஒரு படம் இருந்தது. தூங்கும்போது நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். 201 என்ற உள்ளிணைப்பு எண்ணுக்குக் கடவுச்சொல்லும் 201 என்றே வைத்திருந்த ஓர் அலுவலகத்தின் தொலைபேசி சர்வருக்குள் இரவில் யாரோ நுழைந்து, கூடுதல் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு விடிய விடிய அழைத்திருந்தார்கள். அழைப்பு உண்மையிலேயே நடந்தது, ஆகவே சப்ளையர் பணம் கேட்டார். நான் அழைக்கவில்லை என்று அலுவலகம் கைவிரித்தது. நடுவில் நின்றவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

"நீ தோற்றால் எல்லோரும் தோற்பார்களா?" என்று கேட்பீர்கள். தோற்க மாட்டார்கள். மேகவழித் தொலைபேசி, நிறுவனங்களுக்கான எண்கள், மென்பொருளுக்குள் அழைப்பைப் பொருத்தித் தருவது என்று நல்ல தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ட்விலியோ அப்படித்தான் வளர்ந்தது. அவர்கள் விற்பது சேவை. நானும் இப்போது அலுவலகத் தொலைபேசி அமைப்புகளைப் பராமரித்துத்தான் வாழ்கிறேன், மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.

"பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எதன் மேல் பொறாமை? அவர் நிமிடம் விற்று நான் பார்த்ததில்லை. நிமிடம் விற்பது எப்படி என்பதைத்தான் விற்கிறார். அதில் தவணையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். முழுக் கட்டணமும் வகுப்புக்கு முன்பே கட்டியாக வேண்டும், திருப்பித் தரப்படாது. வாங்குபவருக்கு ஏழு நாள், பதினைந்து நாள் என்று தாராளமாகத் தவணை கொடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், தன் சரக்கை மட்டும் ரொக்கத்துக்குத்தான் கொடுக்கிறார். இந்தத் தொழிலை அவர் என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் எத்தனையோ பேருக்கு இரவு பதினொரு மணிக்கு அழைப்புப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்; ஒரு காசு கேட்டதில்லை. இதைச் சொல்லிக்காட்டும்படி ஆகிவிட்டதே என்பதுதான் வலிக்கிறது.

"நிமிடம் வேண்டாம், பேண்ட்வித் மொத்த விற்பனைக்குப் போகலாமே" என்று அதே கூட்டத்தில் இன்னொருவர் சொன்னார். இணையத்தில் தரவு செல்லும் திறனை மொத்தமாக வாங்கி விற்பதுதான் அது. பெயர்தான் வேறு. அங்கே கட்டணம் பெரும்பாலும் 95ஆவது சதமானத்தில் கணக்கிடப்படுகிறது: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தை அளந்தால் 30 நாளில் 8,640 அளவுகள், அவற்றில் உச்சத்திலுள்ள 432ஐத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் பணம். அதாவது மாதத்தில் 36 மணி நேரம் உச்சத்தில் ஓடினாலும் கணக்கில் வராது. அதைத் தாண்டி ஐந்து நிமிடம் ஓடினால், மாதம் முழுவதும் அந்த வேகத்தில் ஓடியதுபோலக் கட்ட வேண்டும். மேலே குறைந்தபட்ச அளவுக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டுவிட்டு, கீழே மாதத்துக்கு மாதம் விலகிப் போகும் வாடிக்கையாளர்களை நம்பி உட்கார்ந்திருப்பவர் கொடுத்திருப்பதும் கடன்தான். சொந்தக் கம்பி இருந்தவர்களையே இது விடவில்லை. குளோபல் கிராசிங் 2002 ஜனவரியில் திவாலானது, வேர்ல்ட்காம் அதே ஆண்டு ஜூலையில். டைகோ நிறுவனம் 200 கோடி டாலருக்கும் மேல் கொட்டிக் கடலுக்கடியில் போட்ட வலையமைப்பை, 2004இல் இந்தியத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். வெறும் 13 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. வாய்ப்பு என்றால் அது வாய்ப்பு. ஆனால் அதைப் பிடிக்க, மற்றவர்கள் விழும் நாளில் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். கட்டணம் கட்டி நேரலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் இருக்கிறதா அது?

இவ்வளவையும் எழுத வைத்தவர் பயிற்சியாளர் என்றால் அது முழு உண்மையாகாது. நேற்று மாலை ஒரு தம்பியிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணா, நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஆனாலும் சேர்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ரேட் ஷீட்டை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று இருந்தது. சிரித்தவர்களில் ஒருவர்தான் அவர். பார்த்தேன். ஒரு நாட்டுக்கான விலை மற்ற எல்லோருடைய விலையிலும் பாதிக்குக் கீழே இருந்தது. அந்த அழைப்புகள் எங்கோ ஒரு அறையில் அடுக்கி வைத்த சிம் பாக்ஸ் (பல சிம் கார்டுகளைச் செருகிய பெட்டி) வழியாக உள்ளூர் அழைப்பு வேடத்தில் இறங்குகின்றன என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த சிம்கள் முடக்கப்படும் நாளில் ரூட் சாகும். அதையும் சொன்னேன். பிறகு, சப்ளையர் எத்தனை நாள் தவணை கொடுக்கிறார் என்று கேட்டேன்.

"முன்பணம்தான் அண்ணா."

வாங்குபவர்?

"பதினைந்து நாள் கேட்கிறார். நல்ல மனிதர், அண்ணா."

அந்தப் பதினைந்து நாளைக்கு யாருடைய பணம் என்று கேட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் வரை பதில் வரவில்லை. செய்தியின் கீழே நீல நிறத்தில் இரண்டு குறிகள் மட்டும் இருக்கின்றன.