கப்பல் வந்தாச்சு, ஊருக்குள்ள யார் வந்தா?

திருவனந்தபுரம் பக்கத்துல இருக்கிற விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ல் நாட்டுக்குன்னு திறந்தாச்சு. அதுல இருந்து தமிழ்நாட்டு எல்லையில இருக்கிற களியக்காவிளை டீக்கடை வரைக்கும் ஒரே பேச்சு: திருவனந்தபுரம் இனி சிங்கப்பூர் மாதிரி நாலு தேசத்து ஆளும் புழங்குற ஊர் ஆயிரும்னு. எனக்கு நம்பிக்கை இல்லை.

இது டிரான்ஷிப்மென்ட் துறைமுகம், பாத்துக்கிடுங்க. தாய்க்கப்பல் அணையும், கிரேன் பெட்டியை இறக்கும், யார்டுல அடுக்குவாங்க, சின்ன ஃபீடர் கப்பல் வந்து வேற துறைமுகத்துக்கு எடுத்துட்டுப் போகும். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஊருக்குத் தெரியவே தெரியாது. 2025 ஜூன்ல வந்த எம்எஸ்சி ஐரினா கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், இருபதடிப் பெட்டி 24,346 கொள்ளும். அதைக் கரையோரம் அணைக்கிற ஆழம் இயற்கையாவே கிடைச்சது பெரிய வரம்தான். ஆனா யார்டு கிரேனை ஒரு அறைக்குள்ள உக்காந்து ஓட்டுறாங்க (உள்ளூர்ப் பெண்களும் ஓட்டுறாங்க, அது நல்ல சேதி). மூட்டை சுமக்க ஆள் வேண்டாம். ஒண்ணு ரெண்டு நாள்ல கப்பலும் கிளம்பிரும். மாலுமி எப்போ ஊருக்குள்ள வந்து டீ குடிக்க?

திருவனந்தபுரத்தைப் பல பாஷை ஊராக்கினது துறைமுகம் இல்லை, சாலைக் கம்போளம். பதினெட்டாம் நூற்றாண்டுல திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கின சந்தை. தமிழ்ல விலை கேட்டா மலையாளத்துல பதில் வரும், பேரம் ரெண்டுலயும் நடக்கும்.

குமரி மாவட்டத்துல இருந்து அந்தச் சந்தைக்குப் போற தோவாளைப் பூவையே எடுத்துக்கிடுங்க. பிச்சி மொட்டாத்தான் விலைபோகும். அடுக்கின மூட்டைக்குள்ள சூடேறினா மொட்டு விரியும், விரிஞ்சா விலை விழும். தக்கலையிலயோ களியக்காவிளையிலயோ வண்டி ஒரு மணி நேரம் மாட்டினாப் போதும், சாலைச் சந்தை வியாபாரி கையை விட்டு அளைஞ்சு பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குவார். ஓணம் சமயத்துல இந்த ஒரு மணி நேரம்தான் லாபமும் நஷ்டமும்.

துறைமுகத்துல இருந்து பாலராமபுரத்துக்கு 10.7 கிலோமீட்டர் ரயில்பாதை, பெரும்பகுதி சுரங்கம்னு திட்டம். அதுவும் ரோடும் சேர்ந்து சரக்கு கரையேறினாத்தான் கிடங்கு, ஏஜென்ட், லாரி, வெளியூர் ஆள்னு ஊருக்குள்ள ஏதாவது மாறும். ஆனா அன்னைக்கு எல்லைப் பக்கம் வர்ற காரோடு பைபாஸ்ல டிரெய்லர் வரிசை கட்டும். நம்ம பூ வண்டிக்கு எந்தப் பக்கம் வழி விடுவாங்கன்னு இப்பவே யாராவது கேட்டு வச்சிருக்காங்களா?