பீடத்தில் நிறுத்திய இன்ஜின் மட்டும் பாரம்பரியம் ஆகாது

பழைய நீராவி இன்ஜினுக்கு வண்ணம் பூசி, நிலைய வாசலில் பீடம் கட்டி ஏற்றிவிட்டால் ரயில்வே பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நம்புகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரயிலை நம்பி வந்த மனிதர்கள் அங்கே உருவாக்கிய ஊர் வாழ்க்கையை யார் காப்பாற்றுவது?

இங்கிலாந்தின் ஸ்விண்டனையே எடுத்துக்கொள்வோம். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனை 1843-இல் அங்கே இயங்கத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1847-இல், தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவ நிதிச் சங்கம் உருவானது. சம்பளத்தில் சிறு தொகை பிடிப்பார்கள்; குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கும். பிறகு மருத்துவமனை, குளியலறைகள், நீச்சல் குளம் என்று அது வளர்ந்தது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது 1948-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கிறது. தொழிலாளர்களின் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் நூலகம் இருந்தது, சொற்பொழிவுகள் நடந்தன, நாடகமும் நடந்தது. 1986-இல் பணிமனையை மூடினார்கள். பணிமனைக் கட்டடங்களில் இன்று அருங்காட்சியகமும் வணிக வளாகமும் இருக்கின்றன. இன்ஸ்டிடியூட் கட்டடமோ பல ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்தது. இன்ஜின்களுக்குக் கிடைத்த கூரை, அவற்றைச் செய்தவர்கள் கூடிப் படித்த இடத்துக்குக் கிடைக்கவில்லை. இது அநியாயம்.

வேல்ஸில் டாலிலின் என்ற ரயில் பாதையில் நேர்மாறாக நடந்தது. பலகைக்கல் சுரங்கத்துக்காகப் போட்ட அந்தக் குறும்பாதை மூடப்படும் நிலையில் இருந்தபோது, 1951-இல் தன்னார்வலர்களே அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் பாதை அதுதான்.

நம் நீலகிரி மலை ரயிலை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். பெட்டிக்குப் பெட்டி நின்று கொடி காட்டி, கையால் பிரேக் பிடிக்கும் பிரேக்ஸ்மேன்களைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? இந்த நூற்றாண்டிலும் அந்த மலைப்பாதைக்குப் புதிய நீராவி இன்ஜின்களைச் செய்து கொடுத்தது திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை. அந்தக் கைத்திறன் பட்டியலில் எழுதியதால் பிழைத்ததில்லை. மூத்தவர் கையிலிருந்து இளையவர் கைக்குப் போனதால் பிழைத்தது.

ஒரு பாதையை அகலப்படுத்தும்போதோ மூடும்போதோ, அங்கே வேலை பார்த்த கேட்கீப்பர், ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன், நீராவி இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன் ஆகியோரின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்வதை ரயில்வே கட்டாயமாக்க வேண்டும். ரயில்வே குடியிருப்பின் நூலகப் பதிவேடுகளையும் தொழிலாளர் மன்றத்தின் புகைப்படங்களையும் பழைய காகிதம் என்று எடைக்குப் போடக் கூடாது. பீடம் கட்ட ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் இதற்குக் கொடுங்கள்.