வைட்டமின் டப்பாவும் ஆத்தாவோட முழங்காலும்

ஆத்தாவோட வலி மாத்திரைய நிறுத்திட்டு வைட்டமின் போடச் சொன்ன பெரியவங்கள நேத்து சொந்தக்காரங்க குரூப்ல நான் சத்தம் போட்டது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். பெரியவங்கள அப்படிப் பேசலாமான்னு நாலு பேரு தனியா மெசேஜ் போட்டிருக்கீங்க. குரல ஒசத்தியிருக்கக் கூடாது, ஒத்துக்கிறேன். ஆனா தலகாணி உறைக்குள்ளேர்ந்து பதினோரு மாத்திரைய எடுத்தவ நான். அதப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

ஆத்தாவுக்கு மதுரைல வலது முழங்கால் மாத்தி இன்னைக்கு 16 நாள். ஒம்பதாம் நாள் பாக்க வந்தவங்க, "வலி மாத்திரை விஷம் ஆச்சி, அத நிறுத்திட்டு இந்த வைட்டமினப் போடுங்க, வலி தானாப் போயிரும்"னு ஒரு டப்பாவ வச்சுட்டுப் போனாங்க. ஆத்தா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, நான் குடுக்குற மாத்திரைய வாங்கி வாயில போடுற மாதிரி காட்டிட்டு ஒளிச்சு வச்சிருக்கு. மூணு நாள். ராத்திரி பூரா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கு, காலைல காலுக்குப் பயிற்சி குடுக்குற பிசியோ தம்பி வந்து காலத் தொட்டா உதறுது, எனக்கு என்னன்னே புரியாம டாக்டருக்குப் போன் மேல போன் போட்டுக்கிட்டு இருந்தேன்.

வைட்டமின் வேற, வலி மருந்து வேற. ஒண்ணு உடம்புல கொறையுறத நெரப்புறது. இன்னொண்ணு வலியக் கொறைக்கிறது. வலி மருந்து இருக்கிற எடத்துல வைட்டமின வைக்க முடியாது.

நான் ஒண்ணும் வைட்டமினுக்கு எதிரி இல்ல. ஆத்தா வருசக்கணக்கா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்புடுது, அது பி12ங்கிற வைட்டமின் உடம்புல சேர்றதக் கொறைக்கும், அதனால டெஸ்ட் எடுத்துப் பாத்து டாக்டரே பி12 எழுதியிருக்காரு. வைட்டமின் டி கம்மியா இருக்குன்னு வாரம் ஒண்ணு 60,000 யூனிட் போகுது. அதெல்லாம் நேரந்தவறாமக் குடுக்குறேன். ஆனா வலி மாத்திரைக்குக் கூட குடுக்குறேன், பதிலாக் குடுக்கல.

"வைட்டமின் சி வலியக் குறைக்கும்னு வெளிநாட்டுல ஆராய்ச்சியே இருக்கு"ன்னு ஒரு அண்ணே எழுதியிருந்தாரு. இருக்கு அண்ணே, நானும் தேடிப் படிச்சேன். 1999ல நெதர்லாந்துல, மணிக்கட்டு எலும்பு முறிஞ்சவங்களுக்கு தினம் 500 மில்லிகிராம் 50 நாள் குடுத்தாங்க, பின்னாடி வர்ற ஒரு மாதிரியான விடாத வலி அவங்கள்ல கம்மியா வந்துச்சு. 2014ல வந்த பெரிய ஆராய்ச்சில அந்த வித்தியாசம் தெரியல. எதுலயும் வலி மாத்திரைய நிறுத்திட்டு இதப் போடுன்னு சொல்லல.

அடுத்தது, வலி மருந்து கிட்னியக் கெடுக்கும்ங்கிற பேச்சு. மெடிக்கல்ல சீட்டு இல்லாம ஊசி, மாத்திரைன்னு மாசக்கணக்குல வாங்கிப் போட்டுக் கிட்னியக் கெடுத்துக்கிட்டவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க, அந்தப் பயம் நியாயந்தான். ஆத்தாவுக்கு ரத்தம் பாத்துட்டுத்தான் குடுத்திருக்காங்க. பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு நாலு. மொத்தம் 2,600 மில்லிகிராம், பெரியவங்களுக்கு வழக்கமா 4,000 தான் எல்லை. இது விஷமா? அந்த டப்பாவுல இருக்கிற பி6 அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா நரம்பே மரத்துப் போகும், வைட்டமின் ஈ அதிகமானா ரத்தக் கசிவு கூடும், ஆத்தாவுக்கோ ரத்தம் கட்டாம இருக்க வேற மாத்திரை ஓடிக்கிட்டிருக்கு. இத யாராவது யோசிச்சீங்களா? கடைல விக்கிறதால, டப்பாவுல எலை படம் போட்டிருக்கிறதால அது மருந்து இல்லன்னு ஆயிருமா?

அப்பச்சிக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்ப நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன். வலிக்கு மாத்திரை வேண்டாம்னுட்டாங்க, ஆம்பளைக்கு என்ன வலின்னு. வலில இருமக் கூட முடியல, மூச்ச இழுத்து விட முடியல, நெஞ்சுல சளி கட்டி நிமோனியா ஆகி ரெண்டாவது தடவையா ஆஸ்பத்திரி. அன்னைக்கும் வீடு நெறையச் சொந்தம், அன்னைக்கும் எல்லாரும் பொறுத்துக்கதான் சொன்னாங்க.

முழங்காலுக்கு இந்த மொதோ ஆறு வாரந்தான் உசுரு. வலி அடங்குனாத்தான் மடக்க முடியும், மடக்குனாத்தான் 90 டிகிரி வரும், இல்லன்னா உள்ள தழும்பு இறுகி, அப்புறம் மயக்க மருந்து குடுத்து வலுவா மடக்கிவிட வேண்டி வரும். அந்த மூணு நாள யாரு திருப்பித் தருவா?

எனக்குக் கோவம் அவங்க மேல மட்டும் இல்ல. ஆத்தா ஏன் எங்கிட்ட மறைச்சுச்சு? கேட்டேன். "மாத்திரை போட்டா வலி தாங்காதவன்னு சொல்லுவாங்கடி"ன்னு சொல்லுது. நாப்பது வருசம் முகப்புக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து, அத்தனை படி ஏறி எறங்கி, கல்யாணம் காச்சின்னா நூறு பேருக்கு எலை போட்டுத் தேஞ்ச முட்டி அது. இன்னும் யாருகிட்ட நிரூபிக்கணும்?

முந்தாநாள்லேர்ந்து மாத்திரைய என் கண்ணு முன்னாடி முழுங்குது. இன்னைக்குக் காலைல வளவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, வாக்கர் வச்சு ஆறு தூண் வரைக்கும் நடந்துச்சு, போன வாரம் ரெண்டு தூணுக்கே அழுதுச்சு.

அந்த டப்பா பட்டாலைல மேசை மேல இருக்கு. மூடி பிரிக்கல. கொண்டாந்தவங்க வந்து எடுத்துட்டுப் போகலாம், காப்பி போட்டுத் தர்றேன், ஆனா ஆத்தாகிட்ட மருந்து பத்தி ஒரு வார்த்தை பேச விடமாட்டேன்.