"பிரேக் ஆயில் ஊத்தி விட்டுட்டேன் சார்" - போதும்டா சாமி!

"பிரேக் ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு சார், ஊத்தி ஃபுல் பண்ணிட்டேன்." பழைய மாருதியையோ சான்ட்ரோவையோ சர்வீஸுக்கு விடுற எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். குறைஞ்ச ஆயில் எங்கய்யா போச்சு? அதை மட்டும் யாரும் சொல்றதில்லை. எரிஞ்சு தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலா? பிரேக் பேட் தேயத் தேய மாசக்கணக்குல டேங்க்ல ஆயில் மட்டம் மெல்ல இறங்கும், அது நியாயம். போன மாசம் மேல் கோட்டுல நின்னது இந்த மாசம் கீழ் கோட்டுக்கு வந்துட்டா, எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

பின் டயரோட உள்பக்கம் ஈரமா இருந்தா முதல்ல வீல் சிலிண்டரைப் பாருங்க, பின் டிரம்முக்குள்ள பிரேக் ஷூவைத் தள்ளுற சின்ன உருளை அது. அதோட முனையில இருக்கிற ரப்பர் உறையை லேசா விலக்கினாலே ஆயில் வழியும். அங்க காய்ஞ்சிருந்தா, வண்டிக்கு அடியில பிரேக் ஆயிலைக் கொண்டுபோற இரும்பு பைப்தான். அங்க எவனும் பார்க்கமாட்டான், குனியணுமே! பைப் நடுவுல நல்லாத்தான் தெரியும். பாடியோட சேர்த்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பைக் கழட்டணும். அதுக்குள்ள சேறும் தண்ணியும் தங்கி, பைப் பொருமிப்போய் செதில் செதிலா நிக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால சுரண்டினா பொடிப்பொடியா உதிரும். திருவான்மியூர், எண்ணூர் உப்புக்காத்துல வருஷக்கணக்கா நின்ன வண்டி, 2015 டிசம்பர் வெள்ளத்துலயோ 2023 மிக்ஜாம் மழையிலயோ மூழ்கின வண்டின்னா கேக்கவே வேணாம். இந்தத் துருவுக்கு மேலேயே கறுப்பு கோட்டிங் அடிச்சு 'ஆன்ட்டி ரஸ்ட்'னு பில்லு வேற. ஈரத்தை உள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு நாம காசு குடுக்கணும்!

ஓட்டை இருக்குன்னு தெரிஞ்ச பிறகு நடக்கிற கூத்துதான் தாங்கலை. ஒருத்தர் எம்-சீல் வெச்சு அமுக்குறார். இன்னொருத்தர் ஓட்டையான இடத்தை அறுத்துட்டு பெட்ரோல் ஹோஸைச் சொருகி ரெண்டு கிளிப் மாட்டுறார். மூணாவது மகான், பின் சக்கரத்துக்குப் போற பைப்பையே மடக்கி சுத்தியால நசுக்கி அடைச்சுட்டு, "முன்னாடி பிரேக் போதும் சார்"ங்கிறார். அவசரத்துக்கு அழுத்தி மிதிச்சா பைப்ல அழுத்தம் 80 பாருக்கு மேலயே போகும். பெட்ரோல் ஹோஸ் சில பாருக்குச் செஞ்சது, பிரேக் ஆயில் பட்டா அந்த ரப்பர் ஊறியும் போகும். சிக்னல்ல மெதுவா மிதிக்கிறப்போ எல்லாமே பிடிக்கும். குறுக்கே ஒரு ஆள் ஓடி வரும்போதுதான் பிய்ச்சுக்கும். அதனால "இத்தனை நாள் ஓடுச்சே"ங்கிற பேச்சை விடுங்க.

செய்யவேண்டியது ஒண்ணுதான்: அந்த பைப்பை இந்த ஜாயின்ட்ல இருந்து அந்த ஜாயின்ட் வரைக்கும் முழுசா மாத்தணும். பெரும்பாலான சின்ன கார்ல 4.75 மில்லிமீட்டர் பைப், 10 மில்லிமீட்டர் நட்டு. காப்பர்-நிக்கல் பைப் கிடைச்சா அதையே வாங்குங்க. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு பைப் வேண்டவே வேண்டாம், அதிர்வுல இறுகி விரிசல் விடும். நட்டுல முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊறவிடணும். சாதா ஸ்பானரைப் போட்டா நட்டு முனை மழுங்கிடும், நட்டைச் சுத்திப் பிடிக்கிற ஃப்ளேர் நட் ஸ்பானர்தான் போடணும். நட்டோட பைப்பும் சேர்ந்து முறுக்கினா நிறுத்திடுங்க. பைப்பை ஒட்ட அறுத்துட்டு ஆறு முனை சாக்கெட் போட்டுக் கழட்டலாம். பழைய பைப்பை உடைக்காம எடுத்தா அதே வளைவுக்குப் புதுசை வளைக்க வசதி. ஆக்ஸா பிளேடால அறுக்கிறது பாவம். டியூப் கட்டரால வெட்டி, பிசிறை எடுத்து, நட்டை மறக்காம முதல்ல மாட்டிட்டு அப்புறம் ஃப்ளேர் அடிக்கணும், அதாவது ஜாயின்ட்ல ஒழுகாம உக்கார பைப் முனையை விரிக்கணும். மாருதிக்கு முனையை விரிச்சு உள்ள மடிக்கிற டபுள் ஃப்ளேர். ஐரோப்பிய வண்டி பலதுல குமிழ் மாதிரி உப்புற பபிள் ஃப்ளேர். ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு, ஒழுகுதேன்னு நட்டை மேல மேல இறுக்கி மரையைக் கெடுக்கிற ஆளுங்க நிறைய. முதல் மூணு நாலு சுத்து கையாலேயே போகணும். போகலைன்னா மரை கோணலா ஏறுது.

அடுத்து ஏர் எடுக்கிறது, அதாவது பைப்புக்குள்ள புகுந்த காத்தை பெடலை மிதிச்சு மிதிச்சு வெளிய தள்ளுறது. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் பழசா இருந்தா பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கவே கூடாது. தினசரி ஓட்டத்துல பிஸ்டன் தொடாத ஆழத்துல அழுக்கும் துருவும் படிஞ்சிருக்கும், அதுல உரசி பிஸ்டனோட ரப்பர் வாஷர் கிழியும். காலையில நல்லா இருந்த சிலிண்டர் சாயந்திரம் போச்சுன்னா காரணம் இதுதான். பெடலுக்கு அடியில மரக்கட்டை ஒண்ணு வைங்க. பிரேக் ஆயில் டேங்க் மூடியில எந்த ரகம் போட்டிருக்கோ, டாட் 3-ஓ டாட் 4-ஓ, அதைத்தான் ஊத்தணும், அதுவும் புதுசா சீல் உடைச்ச டப்பாவா இருக்கணும். பாதி ஊத்தி ஆறு மாசமா ஷெல்ஃபுல கிடந்தது ஈரத்தை இழுத்திருக்கும். டாட் 3 புதுசா 205 டிகிரியில கொதிக்கும், ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கிடும். எந்தச் சக்கரத்துல முதல்ல ஏர் எடுக்கணும்ங்கிற வரிசை மேனுவல்ல இருக்கும், ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்து பின் சக்கரமும் ஒரே லைன்ல இருக்கிற குறுக்கு சர்க்யூட் வண்டியில "தூரத்துல இருந்து ஆரம்பி" எப்பவும் சரிவராது. நடுவுல டேங்க் காலியாச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, உரிச்சு எடுத்துடும்.

கடைசியா, இன்ஜினை ஓடவிட்டு பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. துளியும் இறங்கக் கூடாது. அப்படியே ஒருத்தர் கீழ படுத்து ஒவ்வொரு ஜாயின்டையும் காய்ஞ்ச துணியால தொட்டுப் பார்க்கணும். அதைச் செய்யாம சாவியை நீட்டுற மெக்கானிக்கிட்ட "நீங்களே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கண்ணே"ன்னு சொல்லிப் பாருங்க, எத்தனை பேர் ஏறுறாங்கன்னு தெரியும்.